வாக்காளர் அட்டையா, வாக்காளர் பட்டியலா? ஓட்டுப் போட எது வேண்டும்?

ஒவ்வொரு தேர்தல் நாளிலும் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் வாக்காளர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இருபது வருஷமா இதே ஸ்கூல்லதான் ஓட்டுப் போடுறேன், இப்ப பேர் இல்லன்னா எப்படி?" என்று வாக்குச்சாவடி வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். இன்னொருவர், அட்டை எங்கேயோ தொலைந்துவிட்டது, இந்தத் தடவை ஓட்டு அவ்வளவுதான் என்று வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார். அட்டை இருக்கிறவரால் ஓட்டுப் போட முடியவில்லை. தொலைத்தவர் கிளம்பிப் போயிருந்தால் போட்டிருக்கலாம். ஓட்டுரிமை இருப்பது பட்டியலில். அந்தப் பட்டியலில் இருக்கும் ஆள் நீங்கள்தான் என்று காட்டுவதற்குத்தான் அட்டை.

ரயிலில் டி.டி.ஆர். கையில் இருக்கும் சார்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சார்ட்டில் பெயர் இருந்தால் ஆதாரையோ டிரைவிங் லைசென்ஸையோ காட்டி உட்கார்ந்துகொள்ளலாம். பெயர் இல்லையென்றால் பாஸ்போர்ட்டையே நீட்டினாலும் பெர்த் கிடைக்காது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்படி, ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அங்கே ஓட்டு கிடையாது. பெயர் உள்ள எல்லோருக்கும் உண்டு. விதிவிலக்குகள் கொஞ்சம்தான். சிறையில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது, அவர் தண்டனைக் கைதியானாலும் விசாரணைக் கைதியானாலும் சரி. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் இந்தத் தடை பொருந்தாது. குற்றமே நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிக்கு ஓட்டு இல்லை, ஜாமீனில் வெளியே இருக்கும் குற்றவாளிக்கு உண்டு என்பது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை. ஆனால் 1997-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது.

சரி, பட்டியலில் யார் பெயர் வரும்? அரசியலமைப்புச் சட்டத்தின் 326-ஆவது பிரிவு வயதுவந்த எல்லாக் குடிமக்களுக்கும் வாக்குரிமை தருகிறது. வயது முதலில் 21 ஆக இருந்தது. 61-ஆவது திருத்தத்தால் 1989 முதல் 18 ஆனது. மதம், இனம், சாதி, பால் இவற்றைக் காரணம் காட்டி யாரையும் பட்டியலில் சேர்க்காமல் விடக் கூடாது என்கிறது 325-ஆவது பிரிவு. படிப்பு, சொத்து, வரி எதுவும் தேவையில்லை. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த 'வழக்கமாகக் குடியிருப்பது' நம் ஊரில் தகராறு பிடித்த விஷயம். சென்னையிலோ கோவையிலோ பதினைந்து வருடமாக வாடகை வீட்டில் இருப்பார்கள், ஓட்டு மட்டும் சொந்த ஊரில் இருக்கும். தேர்தலுக்கு முந்தின ராத்திரி கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் பஸ்ஸுக்கு அடித்துக்கொள்ளும் கூட்டத்தில் இவர்கள்தான் பாதி. சட்டப்படி, ஓர் ஊரில் வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை அந்த ஊரில் குடியிருப்பவராகக் கருத முடியாது. அதே சட்டம், தற்காலிகமாக வெளியே போனவர் ஊரைவிட்டே போனவர் ஆகிவிட மாட்டார் என்றும் சொல்கிறது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மாணவர் வீட்டு முகவரியில் பதியலாம், ஹாஸ்டல் முகவரியிலும் பதியலாம். ஏதாவது ஒன்றில் மட்டும். இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

வீடே இல்லாதவர்களுக்கு? அவர்களுக்கும் ஓட்டு உண்டு. பிளாட்பாரத்தில் படுப்பவர் முகவரிச் சான்று தர வேண்டியதில்லை. அவர் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் ஒரு தடவைக்கு மேல் போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். எத்தனை இடத்தில் இது நடக்கிறது என்பது வேறு கதை.

பட்டியலில் பெயர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு முதல் பொதுத்தேர்தலே சாட்சி. 1951-52 தேர்தலுக்காகப் பட்டியல் தயாரித்தபோது வடமாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரை வெளியாளிடம் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றே எழுதச் சொன்னார்கள். அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் வேண்டும் என்று உறுதியாக இருந்தார். கடைசியில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் ஏறவில்லை. நாட்டின் முதல் தேர்தலில் அவர்களால் ஓட்டுப் போட முடியவில்லை. சென் செய்தது சரியா தப்பா என்று இன்றும் வாதாடலாம். அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலானோர் பெயர் சொல்லிப் பதிந்துகொண்டார்கள் என்பது அவர் பக்கத்து நியாயம்.

கவனியுங்கள், அந்தக் காலத்தில் அட்டையே கிடையாது. அட்டை வந்தது ரொம்பப் பிற்பாடு. 1960-இல் கல்கத்தாவில் ஒரு தொகுதியில் சோதனை செய்து பார்த்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. 1979-இல் சிக்கிமில் கொடுத்தார்கள். நாடு முழுக்கப் புகைப்பட அட்டை தர வேண்டும் என்று 1993 ஆகஸ்டில் உத்தரவு போட்டவர் அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன். கள்ள ஓட்டை ஒழிக்க இதுதான் வழி என்று பிடிவாதமாக நின்றார். அட்டை கொடுக்காவிட்டால் 1995 ஜனவரிக்குப் பிறகு தேர்தலே நடத்த மாட்டேன் என்று மாநில அரசுகளை மிரட்டினார். செலவு அதிகம் என்று மாநிலங்கள் முரண்டு பிடித்தன. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அட்டை இல்லை என்பதற்காகத் தேர்தலைத் தள்ளிப்போட முடியாது என்றது நீதிமன்றம். சேஷனைப் பிடிக்காதவர்களும் அவரால்தான் அட்டை வந்தது என்பதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அன்றைக்கு நீதிமன்றம் போட்ட அந்தக் கோடு அட்டையைவிட முக்கியமானது என்பேன்.

இப்போது வாக்குச்சாவடிக்குள் போவோம். முதல் மேஜையில் இருக்கும் அலுவலரிடம் அந்தச் சாவடிக்கான பட்டியல் இருக்கும். நீங்கள் சிலிப்பையும் அட்டையையும் நீட்டுவீர்கள். அவர் உங்கள் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். ஏன் உரக்க? பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகளுக்குக் கேட்க வேண்டும். ஏஜெண்டுகள் பெரும்பாலும் அந்தத் தெருக்காரர்களாகவே இருப்பார்கள். யார் செத்தது, யார் பெங்களூர் போனது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களிடமும் ஒரு பட்டியல் இருக்கும், பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். கள்ள ஓட்டுப் போட வருகிறவனுக்கு அட்டை பரிசோதனையைவிட இந்தப் பெஞ்சுதான் பயம்.

யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் அடுத்த மேஜையில் பதிவேட்டில் கையெழுத்து, இடது ஆள்காட்டி விரலில் மை. மைசூரில் கர்நாடக அரசின் பெயிண்ட் நிறுவனம் தயாரிக்கும் மை அது. அதில் இருக்கும் வெள்ளி நைட்ரேட், வெயில் பட்டதும் தோலில் கறுத்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மூன்றாவது மேஜை. அங்கே பட்டனை அழுத்தியதும் இயந்திரம் உங்கள் ஒரே ஓட்டுக்குத் தயாராகும்.

அட்டை இல்லையென்றால் வேறு எதைக் காட்டலாம்? 2024 மக்களவைத் தேர்தலில் தேர்தல் ஆணையம் 12 மாற்று ஆவணங்களை ஏற்றது. ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட் இவை எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றோடு நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், புகைப்படம் உள்ள ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்களின் பணி அடையாள அட்டை போன்றவையும் உண்டு. ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் ஸ்மார்ட் கார்டைக் காட்டினால் எல்லாம் நடக்கும் என்ற நினைப்பில் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நிற்பவர்கள் நிறைய. அதேபோல, வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் சிலிப்பும் அடையாள ஆவணம் ஆகாது. உங்கள் பாகம் எண், வரிசை எண் எல்லாம் சட்டென்று கண்டுபிடிக்கத்தான் அது. 2019-க்கு முன்னால் ஆணையமே தந்த புகைப்படச் சிலிப்பை அடையாளமாக ஏற்றார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். எந்தெந்த ஆவணம் செல்லும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆணையம் உத்தரவு போடும். அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு, இந்தியக் குடியுரிமையை விடாமல், இங்கே வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்திருப்பவர்களுக்கு மட்டும் விதி வேறு. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ நேரில் வந்து, அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஓட்டுப் போட முடியும். ஆதாரெல்லாம் அங்கே எடுபடாது.

அட்டையில் 'முருகேசன்', பட்டியலில் 'முருகேஷன்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். எழுத்துப் பிழை, அச்சுப் பிழை மாதிரியான சின்னச் சின்ன விஷயங்களை வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் பொருட்படுத்தக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. ஆள் அவர்தான் என்று திருப்தி ஏற்பட்டால் போதும். வேறு தொகுதியில் வாங்கிய பழைய அட்டையையும் காட்டலாம். பெயர் மட்டும் இந்தச் சாவடியின் பட்டியலில் இருக்க வேண்டும். அட்டையில் இருக்கும் போட்டோ ஆளுக்குப் பொருந்தாவிட்டால் வேறு ஆவணம் கேட்பார்கள்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் செய்தி. தேர்தலுக்குத் தேர்தல் தவறாமல் வரும். 'பட்டியலில் பெயர் இல்லையா? ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டுக் கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டாரா? டெண்டர் ஓட்டுப் போடுங்கள். 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு.' இதில் டெண்டர் ஓட்டு என்று ஒன்று இருப்பது மட்டும் உண்மை. பெயர் இல்லாதவருக்கு எந்தப் பெயரிலும் ஓட்டுக் கிடையாது. 14 சதவீதக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. தேர்தல் ஆணையமே மறுத்த பிறகும் இதை உறுதியாக நம்புகிறவர்கள், படித்தவர்கள் உட்பட, எக்கச்சக்கம்.

சேலஞ்ச் என்பது வாக்காளர் கேட்டு வாங்குவது அல்ல. ஏஜெண்ட் செய்வது. 'வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை' என்று ஏஜெண்டுக்குச் சந்தேகம் வந்தால் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ஆமாம், இன்றைக்கும் 2 ரூபாய்தான். தலைமை அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரிப்பார். அக்கம்பக்கத்தாரைக் கேட்பார், ஆவணம் பார்ப்பார். ஆட்சேபனை நிரூபணமாகாவிட்டால் வந்தவர் ஓட்டுப் போடலாம். நிரூபணமானால் ஆளைப் போலீஸிடம் ஒப்படைப்பார்கள். ஆள்மாறாட்டத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

டெண்டர் ஓட்டு இதற்கு நேர்மாறான நிலைமை. நீங்கள் போவதற்கு முன்பே உங்கள் பெயரில் யாரோ ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 49-பி (49P) என்று 2018-இல் ஒரு சினிமா மூலம் ஊரெல்லாம் பரவியது இதுதான். சட்டப்பிரிவு என்று சொல்கிறார்கள். உண்மையில் அது தேர்தல் நடத்தை விதிகளில் வரும் ஒரு விதி. நீங்கள்தான் அந்த ஆள் என்று தலைமை அலுவலருக்குத் திருப்தி ஏற்பட்டால் உங்களுக்கு ஒரு காகித வாக்குச்சீட்டு தருவார்கள். இயந்திரத்தில் போட முடியாது. சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தால் தனி உறையில் போட்டு மூடி வைப்பார்கள். வாக்கு எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள்.

எண்ணாத ஓட்டு எதற்கு என்று கேட்கலாம். தேர்தல் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் அப்போது அது பேசும். 2008-இல் ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார், 62,216-க்கு 62,215. முதலமைச்சர் ஆவார் என்று பேசப்பட்டவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, அதில் டெண்டர் ஓட்டுகளும் விவாதத்துக்கு வந்தன. இப்படி இழுபறியான தொகுதியில்தான் அந்த மூடிய உறைக்கு மதிப்பு.

ஓட்டுரிமை அடிப்படை உரிமையா என்று கேட்டால் பதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட என்.பி. பொன்னுசாமியின் வழக்கில் 1952-இல், ஓட்டுப் போடும் உரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் சட்டம் உண்டாக்கிய உரிமைகள், அந்தச் சட்டத்தின் வரம்புக்குள்தான் இருக்கும் என்றது உச்ச நீதிமன்றம். பிற்பாடு 2003-இல், ஓட்டுப் போடும்போது யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற சுதந்திரம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று ஒரு படி மேலே போனது. 2013-இல் 'நோட்டா' வந்தது அந்த வழியில்தான். ஆனாலும் பட்டியலில் இடம் பிடிப்பது இன்றைக்கும் சட்டத்தையும் விதியையும் படிவத்தையும் நம்பித்தான் இருக்கிறது.

பிரிட்டனில் சண்டை வேறு மாதிரி. இங்கிலாந்தில் 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தல் வரை வாக்குச்சாவடியில் பெயரையும் முகவரியையும் வாயால் சொன்னால் போதும். புகைப்பட அடையாளம் கட்டாயம் என்று 2022-இல் சட்டம் வந்தபோது, ஏழைகளுக்கும் முதியவர்களுக்கும் கையில் தகுந்த அட்டை இருக்காது, ஓட்டுப் பறிபோகும் என்று எதிர்த்தார்கள். நமக்கு அட்டை பழகிப்போய்விட்டது. நம் தகராறெல்லாம் பட்டியலைப் பற்றியது.

அதற்குப் புதிய உதாரணம் சிறப்புத் தீவிரத் திருத்தம், எல்லோரும் எஸ்.ஐ.ஆர். என்று சொல்வது. பட்டியலையே வீடு வீடாகச் சரிபார்த்துப் புதிதாகத் தயாரிக்கும் வேலை அது. 2025 ஜூனில் பீகாரில் தொடங்கினார்கள். பழைய தீவிரத் திருத்தப் பட்டியலோடு தொடர்பு காட்ட முடியாதவர்கள், ஆணையம் சொன்ன 11 ஆவணங்களில் ஒன்றைத் தர வேண்டும். அந்த 11-இல் வாக்காளர் அட்டையும் இல்லை, ஆதாரும் இல்லை. வாக்குச்சாவடியில் ஓட்டுப் போடச் செல்லுபடியாகும் அட்டை, பட்டியலில் நீடிக்கச் செல்லாது என்பது பலருக்குப் புரியவே இல்லை. வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார் யாரை, எந்தக் காரணத்துக்காக நீக்கினீர்கள் என்று வெளியிடச் சொன்னது உச்ச நீதிமன்றம். செப்டம்பரில் ஆதாரை 12-ஆவது ஆவணமாக ஏற்க உத்தரவிட்டது; அது அடையாளத்துக்குத்தான், குடியுரிமைக்கு இல்லை என்றும் சொன்னது. இது நமக்குப் புரியக்கூடியதுதான். ஆதார் இங்கே வசிப்பவர்களுக்குத் தருவது. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களிடமும் ஆதார் இருக்கிறது. இந்தியக் குடியுரிமை இல்லாததால் ஓட்டு இல்லை.

2025 நவம்பரில் இந்தத் திருத்தம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் குறைந்திருந்தன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று கணக்குச் சொன்னார்கள். பட்டியலைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். செத்தவர் பெயர் இருக்கும் பட்டியல் கள்ள ஓட்டுக்குத் தோது. ஆனால் நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை நீக்குவதற்கு முன் அவருக்கு நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும், அவர் குடிமகன் என்ற அனுமானத்தோடுதான் தொடங்க வேண்டும் என்று லால் பாபு உசேன் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் அந்தத் தீர்ப்பின் பக்கம்.

கடைசியாக, செய்ய வேண்டிய வேலை. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ பார்க்கலாம். 1950 என்ற எண்ணில் கேட்கலாம். அட்டையில் மேலே இருக்கும் மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் சேர்ந்த எண்ணைப் போட்டால் வந்துவிடும். புதிதாகச் சேர படிவம் 6. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் எதிலாவது 18 நிறைந்தால் போதும். 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். வீடு மாறினாலும், பெயரில் பிழை இருந்தாலும், அட்டை தொலைந்தாலும் படிவம் 8. இறந்தவர் பெயரை நீக்கவும், ஒரு பெயரை ஆட்சேபிக்கவும் படிவம் 7. உங்கள் பெயரை நீக்கச் சொல்லி யாராவது படிவம் 7 கொடுத்திருந்தால் நோட்டீஸ் வரும், அதை அலட்சியமாகப் போட்டுவிடாதீர்கள்.

வேட்புமனு தாக்கல் செய்யும் கடைசி நாளோடு பட்டியல் மூடிவிடும். அதற்குச் சுமார் பத்து நாள் முன்பே விண்ணப்பம் போயிருந்தால்தான் விசாரித்து முடிக்க நேரம் இருக்கும். வாக்காளர் பதிவு அலுவலர் மறுத்துவிட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவரும் மறுத்தால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.